ஏழாவது மேட்சுக்கு ஜாரெட் வரலை

இல்லைங்க, உங்களுக்கு யாரோ பழைய அட்ரஸைக் குடுத்திருக்காங்க. வெளியூர்லேர்ந்து வந்து நம்ம பேட்ஜர்ஸ் ஐஸ் ஹாக்கி டீம்ல ஆடற பசங்க போன சீசன் வரைக்கும் இங்கதான் தங்குவாங்க, வாஸ்தவந்தான். இப்ப டீம்லேர்ந்து யாரையும் என் வீட்டுக்கு அனுப்பறதில்லை. பரவால்ல, உள்ள வாங்க. ஆல்பர்ட்டாலேர்ந்து பையனைக் கூட்டிட்டு அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க, வாசல்லயே வச்சுப் பேசி அனுப்பினா நல்லாவா இருக்கும்? பூட்ஸை அந்த மிதியடி மேல விட்டுடுங்க. காபி போட்டுத்தான் வச்சிருக்கேன்.

அவனை டீம்ல விட்டுட்டா இங்க வந்தீங்க? பையனுக்கு என்ன வயசு? பதினேழா. ம்.

கோச் டேரன் போன்ல அவ்வளவு நல்லாப் பேசினானா? பேசுவான் பேசுவான். அந்த வாய்க்கு இந்த ஊரே மயங்கிக் கெடக்கு. வழியில பெட்ரோல் பங்க்ல என் வீட்டை விசாரிச்சீங்களா? அந்தக் கிழட்டுப் பைத்தியமான்னு கேட்டானா? அப்ப அவன் மரியாதையாத்தான் சொல்லியிருக்கான். மத்தவங்க வாய்ல வர்றது இன்னும் மோசம்.

ஏன்னா கேக்கறீங்க? போன சீசன் கடைசியில, பிளேஆஃப் மேட்சுங்கள்ல நடந்ததுங்க.

ஜாரெட் வீப்னு ஒரு பையன். மானிடோபாப் பக்கம் பண்ணைக்காரங்க வீட்டுப் பிள்ளை. மூணு சீசனா இதே மேசையில, நீங்க உக்காந்திருக்கீங்களே அதுக்கு எதிர்நாற்காலியிலதான் சாப்பிடுவான். நான் உருளைக்கிழங்கு வச்சுப் பெரோகிக் கொழுக்கட்டை வேக வச்சு எடுக்க எடுக்க அவன் தட்டுல காலியாயிட்டே இருக்கும். வெர்னா, உங்க மாவுல ஏதோ கோளாறு, தொண்டைக்குள்ள நிக்கவே மாட்டேங்குதும்பான். போக்கிரி. பனி பெஞ்சா நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி வாசலை வாரித் தள்ளியிருப்பான். டீமுக்குக் கேப்டனும் அவன்தான்.

அரையிறுதி. ஏழு மேட்ச்ல நாலு ஜெயிக்கறவங்க ஃபைனலுக்குப் போவாங்க. மூணு-ரெண்டுன்னு நாங்க பின்னாடி இருக்கோம். ஆறாவது மேட்ச். ஜாரெட் பக்குங்கற அந்த ரப்பர் வில்லையைத் துரத்திட்டு ஓரத்துக்குப் போறான், பின்னாலேர்ந்து ஒருத்தன் வந்து மோதினான் பாருங்க, பலகைச் சுவத்துல இவன் மண்டை போய் அடிச்ச சத்தம் மேல கடைசி வரிசையில இருந்த எனக்குக் கேட்டுது. எந்திரிச்சான். எந்திரிச்சு நேராப் போயி எதிர் டீம் பெஞ்சுல உக்காந்துட்டான்.

ஜனம் என்ன செஞ்சுது தெரியுமா? சிரிச்சுது. எனக்கு முன்னாடி இருந்தவன் பாப்கார்ன் வாயிலேர்ந்து தெறிக்கத் தெறிக்கச் சிரிச்சான். அந்த எதிர் டீம் பசங்கதான் சிரிக்கலை. அதுல ஒரு நெட்டையன் கையக் காட்டி எங்க பெஞ்சைக் கூப்பிட்டான். இவன் சரியா இல்லை, கூட்டிட்டுப் போங்கன்னு. எதிராளிக்கு இருந்த ஈரம் நம்மாளுக்கு இல்லை. கொஞ்ச நேரம் உள்ள வச்சிருந்துட்டு, கடைசிப் பீரியட்ல டேரன் அவனைத் திருப்பி ஐஸ்ல எறக்கிட்டான். ஜெயிச்சுட்டோம். ஊரே ஹார்ன் அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சுது.

மறுநாள் லீக் செய்தியில போட்டான், கேப்டனுக்கு லேசான தோள்வலி, ஏழாவது மேட்ச்ல கட்டாயம் ஆடுவார்னு. தோள்வலி! நான் இங்க அவன் ரூம் ஜன்னலுக்குக் கம்பளியை ஆணியடிச்சு மாட்டிட்டிருக்கேன், வெளிச்சம் பட்டாலே கத்தறான். காலையில முட்டையை வச்சா ஃபோர்க்கால குத்திக் குத்திப் பாக்கறான், வாய்க்குக் கொண்டுபோகணும்னு தோணலை. குடிச்ச தண்ணியைக்கூட வாந்தி எடுத்துட்டு, மேட்ச் ஆரம்பிச்சாச்சான்னு கேக்கறான்.

டாக்டரா? நல்லாக் கேட்டீங்க. டீம் டாக்டர்னு ஒருத்தர் இருக்காரு, பல் டாக்டர். பல்லு எதுவும் ஆடலை, பையன் நல்லாத்தான் இருக்கான்னுட்டாரு.

நேரா அவங்க ஆடற ஐஸ் ரிங்க்குக்குப் போனேன். டேரன் ரூம்ல கால்மேல கால் போட்டு உக்காந்து அந்தச் செய்தியைத்தான் படிச்சிட்டிருந்தான். ஜாரெட் ஆடமாட்டான்டான்னேன். அமெரிக்காவுலேர்ந்து காலேஜ் ஆளுங்க அவனை அவங்க டீமுக்கு எடுக்கலாமான்னு பாக்கறதுக்குன்னே வர்றாங்க, அவன் வாழ்க்கையில மண்ணைப் போடாதீங்கன்னான். தலைக்குள்ள என்னமோ ஆயிருக்குடான்னேன். எனக்கும் அந்த வயசுல அடிபட்டுதே, செத்தாப் போயிட்டேன், வெறும் தலைவலி, நீங்க போய்ப் பெரோகி வேலையப் பாருங்கன்னு சொல்லிட்டு மறுபடி போனை எடுத்துக்கிட்டான். என் மூஞ்சியைக்கூடப் பாக்கலைங்க.

சரி, பெத்தவங்களாவது கேப்பாங்கன்னு மானிடோபாவுக்குப் போன் போட்டேன். அவங்க அப்பா, இத்தன வருஷம் உழைச்சிருக்கான், இந்த ஒரு மேட்ச் ஆடிடட்டும், அப்புறம் டாக்டர்கிட்டக் காட்டிக்கலாம்னாரு. பின்னால அந்தம்மா அழற சத்தம் கேக்குது. போன் அவங்க கைக்குப் போகவே இல்லை. அதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சு, ஆப்பிள் பை பலகாரத்தைத் தூக்கிட்டு ஒவ்வொருத்தியா இங்க வந்துட்டாளுங்க, வெர்னா பிரச்சனை பண்ணாதே, முப்பது வருஷம் கழிச்சு ஃபைனல் வாசல்ல நிக்கறோம்னு. சர்ச்சுல பாதிரியார் டீமுக்காகப் பிரார்த்தனை பண்ணினாரு. பையனுக்கு ஒரு வார்த்தை கிடையாது. சீ.

மேட்ச் அன்னிக்கு மத்தியானம் அவன் பையைத் தூக்கி டிக்கியில போட்டு, ரிங்க்குக்குப் போலாம்டான்னு சொல்லி வண்டியில ஏத்தினேன். ரிங்க் எங்க இருக்குன்னு பாத்தீங்கல்ல? என் வாசல்ல நின்னா அதோட கூரை தெரியும். நான் அதைத் தாண்டி ஹைவேல ஏறி சாஸ்கட்டூன் ஆஸ்பத்திரியைப் பாத்து ஓட்டறேன், அவன் கண்ணை மூடிச் சாஞ்சு கெடக்கான். ரெண்டு பக்கமும் வெறும் வயக்காடு, பாதி உருகின பனி. டேரன் போன் மேல போன் அடிக்கறான், நான் அதைத் தூக்கிப் பின்சீட்ல எறிஞ்சேன். ரொம்ப நேரம் கழிச்சு ஜாரெட் மெதுவாத் திரும்பி, வெர்னா, இன்னிக்கு ஏன் ரிங்க் இவ்வளவு தூரமா இருக்குன்னான்.

எனக்குக் கண்ணு மறைச்சிடுச்சுங்க. ரோடு பிடிபடலை. இருந்தாலும் வண்டியை நிறுத்தலை. நிறுத்தினாத் திரும்பிடுவேனோன்னு பயம்.

ஸ்கேன் எடுத்தாங்க. மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. அந்த டாக்டர் பொண்ணு ரொம்பச் சின்னப் பொண்ணு. இந்த நெலமையில இவனை ஆடவிடறதா இருந்தாங்களான்னு திரும்பத் திரும்பக் கேட்டா. இன்னும் ஒரு இடி பட்டிருந்தா உசுரு போயிருக்கும்னா. அன்னிக்கே மண்டையைத் திறந்து ஆபரேஷன். உசுரு பொழச்சான்.

இங்க? நாலு-ஒண்ணுன்னு தோத்துட்டாங்க. நான் திரும்பி வந்தா என் ஜன்னல் கண்ணாடி ஒண்ணுகூட முழுசா இல்லை. உள்ள எறிஞ்ச பக்கு ஹால் பூராக் கெடக்குது. சர்ச்சுல நான் செஞ்ச பெரோகியை யாரும் வாங்கலை, நானே சொமந்துட்டு வந்தேன். லீக் செய்தியில, கேப்டன் சொந்தக் காரணங்களால ஆடவரலைன்னு ஒரே வரி. ஆபரேஷன் ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் போடலை. அதோட விட்டாங்களா? சீசன் முடிஞ்சு சிறந்த கோச்சுன்னு டேரன் கையில கோப்பையைக் குடுத்தாங்க. பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறான் போட்டோல. த்தூ!

ஜாரெட்டா? பண்ணையில இருக்கான். இடது கை சரியாப் பிடிக்காதாம். அவன் எங்கூடப் பேசறதில்லைங்க. அமெரிக்காக்காரங்க முன்னாடி ஆட விடாம நான் கெடுத்துட்டேன்னு நெனக்கறான். நெனச்சுட்டுப் போகட்டும், நெனக்கறதுக்கு உசுரோட இருக்கானே. அவங்கம்மா மட்டும் போன மாசம் ஒரு பார்சல் அனுப்பிச்சாங்க. வீட்ல செஞ்ச ஜாம். ஒரு வார்த்தை எழுதலை.

அட, எடுத்துக்குங்க, அதே ஜாம்தான். நல்லா இருக்கும்.

என்னது? சொந்தப் பிள்ளை மாதிரிப் பாத்துக்கறேன்னு கோச் சொன்னானா? அதைத்தான் எல்லாத் தாய்கிட்டயும் சொல்றான். ஜாரெட் அம்மாகிட்டயும் சொன்னான். நீங்க அதை நம்பி அவன்கிட்டப் பிள்ளையை விடாதீங்க, இன்னிக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுங்க.

டேரன் மேல எனக்கு ஏதோ பகைன்னு தோணுதா உங்களுக்கு? தோணும், தப்பில்லை. வெளியில யாரு கேட்டாலும் அப்படித்தான் தோணும். ஆனா பகையில்லைங்க. அவனைப் பெத்தவ நான்தான். காபிக்குச் சக்கரை போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?