சுண்டு விரலில் தூக்கிய பை

தலைமை நாற்காலியைத் தாங்கி வீற்றிருக்கும் மலைநடைக் குழுத் தலைவர் அவர்களே! பேருந்துக்கும் பாதைக்கும் அலைந்து அலைந்தே பத்து ஜோடிச் செருப்பைத் தேய்த்த செயலாளர் அவர்களே! முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளையின் பையை நான்கு முறை பிரித்து ஐந்து முறை அடுக்கிய பின்னும் மனம் ஆறாத தாய்மார்களே! அந்தப் பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்துவந்த தந்தைமார்களே! நாளைக் காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறவிருக்கும் நாற்பது அரும்புகளே! உங்கள் ஒவ்வொருவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

என்ன சொல்கிறீர்கள்? பின்னால் கேட்கவில்லையா? ஒலிபெருக்கிக்காரரே, கொஞ்சம் ஏற்றி வையுங்கள் ஐயா. போன ஆண்டு போல முழங்கிப் பேச இன்று எனக்குத் தொண்டையும் இல்லை, துணிவும் இல்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். தபால் நிலையத்துக்கு எதிரே முதுகுப் பையும் கூடாரமும் விற்கிற கடைக்காரன் நான். இளம் பிள்ளைகளின் மலைநடைக்கு எடை குறைந்த பொருள்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேச ஆண்டுதோறும் என்னை அழைக்கிறீர்கள். நானும் ஆண்டுதோறும் பேசுகிறேன். பேசிப் பேசி என்ன கண்டேன்? அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதே மண்டபத்தில் என்ன நிலைமை? பிள்ளையின் எடை முப்பது கிலோ, பையின் எடை பதின்மூன்று கிலோ! எவர்சில்வர் குடுவை, இரும்பு விளக்கு, இரண்டு தலையணை, மூன்று போர்வை! காவல்காரர் ஒருவர் தம் மகன் பையில் பெரிய பூட்டும் சங்கிலியும் வைத்திருந்தார்.

"இது எதுக்குண்ணே?" என்றேன்.

"கூடாரத்தைப் பூட்ட வேணாமா?"

"கூடாரத்துக்குக் கதவே கிடையாதேண்ணே!"

"அதனாலதான் சங்கிலியும் சேத்து வச்சிருக்கேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவர் இங்கேதான் இருக்கிறார், அவரும் சிரிக்கிறார். ஆனால் அந்தச் சங்கிலியைச் சுமந்த பிள்ளை முதல் நாள் மாலையே முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குத்தான் நான் இந்த மேடையில் முதன்முதலாக ஏறினேன்.

நான் தவறாகவா சொன்னேன்? இல்லை! முப்பது கிலோப் பிள்ளைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் பாரம் வேண்டாம் என்றேன். பையே கனமாக இருந்தால் உள்ளே வைப்பதற்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். பிள்ளையின் உயரத்தைப் பார்க்காதீர்கள், முதுகின் நீளத்தைப் பாருங்கள் என்றேன். இடுப்புப் பட்டை இல்லாத பையை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், பாரம் இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது என்றேன். எவர்சில்வர் குடுவையை எடுங்கள், நெகிழிப் புட்டியை வையுங்கள். கூடாரக் கம்பியைப் பெரியவர் சுமக்கட்டும். முழுத் துண்டு எதற்கு, பாதித் துண்டு போதும். இப்படிச் சொன்னேன். அத்தனையும் உண்மை. இன்றும் உண்மை.

பிறகு நடந்ததுதான் கொடுமை. உண்மையைச் சொன்னபோது நீங்கள் தலையாட்டினீர்கள். அலங்காரமாகச் சொன்னபோது கை தட்டினீர்கள். கைதட்டல் ஒரு ருசி, ஐயா! ஒரு முறை நாக்கில் பட்டால் போதும், மறுபடி மறுபடி கேட்கும். ஐந்து கிலோ என்று சொன்னவன் அடுத்த ஆண்டு நான்கு என்றேன். நான்கு என்றவன் மூன்று என்றேன். போன ஆண்டு இதே மேசைமேல் ஒரு சிவப்புப் பையை வைத்தேன். புடைத்து நின்ற பை, பொம்மென்று நின்ற பை! அதைச் சுண்டு விரலில், இதோ இந்தச் சுண்டு விரலில் மாட்டி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். "பாரம் என்பது பையில் இல்லை, பயத்தில் இருக்கிறது! பயத்தை இறக்குங்கள், பறந்து போவீர்கள்!" என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. அன்றிலிருந்து எனக்குச் சுண்டு விரல் என்றே பெயர் வந்துவிட்டது. கடை வாசலில் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் பூரித்துப் போனேன்.

அந்தக் கூட்டத்தில் நான்காம் வரிசையில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. சலவை நிலையத்தில் வேலை பார்க்கும் தங்கை ஒருவரின் ஒரே மகள். வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பெயர். எதைப் பார்த்தாலும் தூக்கிக்கொண்டு நடப்பாளாம், தன்னைவிடப் பெரிய துணிமூட்டையைக்கூட விடமாட்டாளாம்.

என்ன நடந்தது என்று நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அறிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நடையின் இரண்டாம் நாள் முற்பகல் மழை. மேலே ஏற ஏற மழை பனியாயிற்று. மற்ற பிள்ளைகள் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், உலர்ந்த காலுறை மாற்றினார்கள். எறும்பின் பையில் கம்பளிச் சட்டை இல்லை. மாற்றுக் காலுறை இல்லை. மழை அங்கி இல்லை. நனைந்த பருத்திச் சட்டை, நனைந்த ஒரே ஜோடிக் காலுறை, ஐந்து மணி நேரம்! முதலில் நடுங்கினாள். பிறகு நடுக்கம் நின்றது. நடுக்கம் நின்றதும் தேறிவிட்டாள் என்று நினைத்தார்கள். அவள் பேச்சுக் குழறியபோதுதான் உடன் சென்ற உடற்பயிற்சி ஆசிரியைக்குப் புரிந்தது. தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்தி, முதுகில் சுமந்துகொண்டே இறக்கினார் அந்த அம்மையார். உயிர் தப்பியது. வலது காலில் பனியில் விறைத்துப்போன இரண்டு விரல்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

ஊர் என்ன சொன்னது? "அம்மாவுக்குப் பொறுப்பு வேணாமா?" என்றது. இங்கேயே இரண்டு பேர் தலையாட்டுகிறீர்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்தத் தங்கை என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்.

"நான் எல்லாம் வச்சேண்ணே. கம்பளிச் சட்டை, காலுறை, மழைக்கோட்டு, எல்லாம் என் கையால மடிச்சு வச்சேன். அவ சுண்டு விரல்ல தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டே இருந்தா. தூக்க வரல. வெளையாடுறான்னு நினைச்சு நான் வேலைக்குப் போயிட்டேன். அவளை பஸ் ஏத்திட்டு வந்து பாத்தா, எல்லாம் கட்டிலுக்குக் கீழ கெடக்குதுண்ணே. தூக்க வர்ற வரைக்கும் ஒண்ணொண்ணா எடுத்திருக்கா."

அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

யார் அது? சரி, எழுந்து நின்றே கேளுங்கள். "அப்ப பழையபடி பாரம் ஏத்தச் சொல்றீங்களா?" என்றா கேட்கிறீர்கள்? இல்லை அப்பா, இல்லை. பூட்டை எடுங்கள், சங்கிலியை எடுங்கள், இரண்டாவது தலையணையை எடுங்கள். குளிரையும் மழையையும் தடுக்கிற துணியில் மட்டும் கை வைக்காதீர்கள். கனமான கம்பளி என்றால் லேசான கம்பளி வாங்குங்கள், கம்பளியே இல்லாமல் அனுப்பாதீர்கள். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவுக்குக் கைதட்டல் வராது என்பதால் சொல்லாமல் விட்டேன்.

செயலாளர் சீட்டு நீட்டுகிறார். இரண்டு நிமிடமாம். எனக்கும் இரண்டு நிமிடம்தான் தேவை. ஓராண்டாக நெஞ்சில் கிடப்பதை இறக்கிவிட்டுப் போகிறேன்.

அந்தச் சிவப்புப் பைக்குள் என்ன இருந்தது தெரியுமா? கடைவாசலில் கொக்கியில் தொங்குகிற பைகள் ஏன் புடைத்து நிற்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். பார்வைக்கு நிமிர்ந்து நிற்கப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைப்போம். போன ஆண்டு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. கொக்கியில் கிடந்த பையை அப்படியே எடுத்து வந்தேன். உள்ளே இருந்தது வெறும் காகிதம்! நான் சொல்லியிருக்க வேண்டும். தூக்கினேன், தட்டினீர்கள், வாயை மூடிக்கொண்டேன். முழுப் பை என்று நீங்கள் நம்பினீர்கள். காகிதத்தோடு போட்டி போட்டுத் தோற்றுத் தோற்று, ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்திருக்கிறாள் அந்தப் பெண்.

இதைக் குழுவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "பழசைக் கிளறாதீங்க" என்றார்கள். சரி, ஊருக்காவது புத்தி வந்திருக்கும் என்று இன்று மாலை நுழைவாயிலில் அடுக்கியிருந்த உங்கள் பைகளைப் பார்க்கப் போனேன். என்ன கண்டேன்? பிள்ளைகள் வரிசையில் நின்று ஒருவர் பையை ஒருவர் சுண்டு விரலில் தூக்கிக்கொண்டிருந்தார்கள்! பெற்றோர்களான நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள்! ஒன்பது பையைத் திறக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். ஆறில் கம்பளி இல்லை. இரண்டு கால்விரல் போதவில்லையா நமக்கு? இன்னும் எத்தனை வேண்டும்? யாருடைய பிள்ளையின் விரல் வேண்டும்?

இதோ, இன்று கொண்டுவந்திருக்கும் பை. என் கையால் அடுக்கினேன். கம்பளிச் சட்டை, மழை அங்கி, இரண்டு ஜோடிக் காலுறை, உறக்கப் பை, ஒரு புட்டித் தண்ணீர், ஒரு நாள் உணவு. கடையிலேயே மிக லேசான பொருள்களாகப் பொறுக்கியதுதான். ஐந்து கிலோ. பாருங்கள், சுண்டு விரலில் தூக்குகிறேன்.

முடியவில்லை.

இன்னொரு முறை. இல்லை, விரல் மடங்குகிறது. பிள்ளைகளே, நன்றாகப் பாருங்கள், நீங்கள் சுண்டு விரல் என்று கூப்பிடுகிற என்னாலேயே முடியவில்லை. யாராலும் முடியாது. முடிகிற பை எதுவோ, அதில் காகிதம் இருக்கிறது அல்லது ஒன்றுமே இல்லை.

பேச்சை முடித்ததும் நீங்கள் வாசலுக்குப் போய் உங்கள் பைகளைத் திறப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. காலையிலும் அப்படியே ஏற்றுவீர்கள். நம்பாமலேதான் கேட்கிறேன், திறந்து பாருங்கள். மருத்துவமனையில் நான் கட்டிலருகே போய் நின்றபோது அந்தக் குழந்தை கட்டுப்போட்ட காலோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழுவாள் என்று நினைத்துப் போனவன் நான். ரகசியம் போலக் கூப்பிட்டு, காதோடு சொன்னாள்: "மாமா, நானும் சுண்டு விரல்ல தூக்கிட்டேன்."

கெட்டிக்காரி என்றேன். அதற்குமேல் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. பிள்ளைகளே, வணக்கம்.