பத்தொன்பதாம் நாளும் பாதி ஷட்டரும்

இந்த வணிகர் சங்க மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் விழித்திருக்கும் செயலாளர் அவர்களே! இடப்புறம் கண்களை மூடிச் சிந்தித்துக்கொண்டிருக்கும் பொருளாளர் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பூட்டினோமா என்று இப்போது ஐயப்படும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பத்திர எழுத்தரின் பணிவான வணக்கம்.

'பெருந்தொற்றும் வணிகரும்: சட்டச் சிக்கல்கள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். பதினொரு தாள் எழுதினேன். எட்டைக் கிழித்துவிட்டேன். மீதி மூன்றின் மீதும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆகவே ஒரே ஒரு வழக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"சத்தமா பேசுங்க ஐயா" என்கிறார் கடைசி வரிசை நண்பர். ஐயா, இதுதான் என் சத்தம்.

நம் கடைவீதியின் முனையில் சலவைக்கடை வைத்திருக்கும் சகோதரியை எல்லோரும் அறிவீர்கள். அதோ, தூணுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். கடை இருக்கும் கட்டடம் நம் தலைவருடையது. இருவருக்கும் இடையிலான வாடகை ஒப்பந்தத்தை எழுதியவன் நான். அதன் எட்டாம் பிரிவு சொல்கிறது: 'கடை தொடர்ந்து முப்பது நாள் மூடிக் கிடந்தால், காரணம் எதுவாயினும், ஒப்பந்தம் முடிவுக்கு வரும்.'

வந்ததே பெருந்தொற்று! வீதி அடங்கியது, விற்பனை முடங்கியது, விளக்கு அணைந்தது. அரசு அடைக்கச் சொன்னது, அடைத்தோம். நாற்பத்து மூன்று நாள் அடைத்தோம். முப்பதைவிட நாற்பத்து மூன்று பெரிது என்பதைத் தலைவர் சரியாகக் கணக்கிட்டார். மருமகனின் மருந்துக்கடைக்கு இடம் தேவைப்பட்டதால் வழக்குத் தொடுத்தார். அது அவர் உரிமை. அந்த உரிமையை எழுதிக் கொடுத்தவன் நான்.

என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். சகோதரியின் வழக்கறிஞர் கேட்டார்:

"காரணம் எதுவாயினும்னு எழுதினீங்களே, நோய் வந்து ஊரே மூடும்னு நெனச்சா எழுதினீங்க?"

"இல்லைங்க. நான் எதையும் நெனைக்கல. பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதினேன்."

"அந்தப் பழசை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"அதை எதைப் பார்த்து எழுதினீங்க?"

"அதுக்கு முந்தினதைப் பார்த்து."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கிறீர்கள். கூண்டில் நின்றதால் என்னால் சிரிக்க இயலவில்லை. முப்பத்தொரு ஆண்டு! ஏறத்தாழ நானூறு ஒப்பந்தம்! ஒவ்வொன்றிலும் எட்டாம் பிரிவு! எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. யோசனையும் ஒன்றுகூட இல்லை.

வழக்கு என்ன ஆயிற்று? என் சாட்சியம் யாருக்கும் பயன்படவில்லை. பயன்பட்டது ஓர் அபராதச் சீட்டு.

முடக்கம் அறிவித்த அன்று சலவைக்கடைக்குள் துவைத்த துணி ஈரத்தோடு கிடந்தது. ஐம்பத்து மூன்று உருப்படி. பத்தொன்பதாம் நாள், மாடியில் குடியிருப்பவர் போன் செய்தார்: "அக்கா, உங்க கடையிலேருந்து பூஞ்சை வாடை வருது." சகோதரி ஓடினார். ஷட்டரைப் பாதி தூக்கினார். மறுபடி அலசிக் காற்றாட விரித்தார். காவலர் வந்தார்.

"ஏம்மா, கடையைத் திறக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"பாதிதான் சார் திறந்திருக்கேன்."

"ஃபைன்ல பாதி கிடையாதும்மா."

"துணியெல்லாம் ஊரார் துணி சார். கெட்டுப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுப்பேன்?"

"இந்த மூஞ்சியத்தான். மாஸ்க்கை மேல ஏத்துங்க."

சீட்டு எழுதினார். தேதி, நேரம், 'கடை திறந்திருந்தது', கையொப்பம். அந்தச் சீட்டைச் சகோதரியின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கொடுத்தார். பத்தொன்பதாம் நாள் கடை திறந்திருந்தது. முன்னால் பதினெட்டு நாள், பின்னால் இருபத்து நான்கு நாள். தொடர்ந்து முப்பது எங்கே? கடை சகோதரிக்கே என்று தீர்ப்பாயிற்று.

கை தட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை.

நீதிமன்றத்தில் கொடுத்த சீட்டு நகராட்சி அலுவலகத்தின் கண்ணில் பட்டது. தடையை மீறிக் கடை திறந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், வணிக உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. திறக்காதிருந்தால் கடை போயிருக்கும். திறந்ததால் உரிமம் போகப் போகிறது. ஒரு பெண் ஒரே நாளில் கடையைத் திறந்தும் திறக்காமலும் இருப்பது எப்படி? எந்தச் சட்டப் புத்தகத்தில் இதற்கு வழி இருக்கிறது? நான் தேடினேன். என் கண்ணில் படவில்லை. என் கண் பழையது.

விசாரணை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. நகராட்சி அலுவலகம், இரண்டாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை, விசாரித்துவிட்டேன். அங்கே அவர் லாபத்துக்காகத் திறந்தாரா, நம் துணிக்காகத் திறந்தாரா என்று கேட்பார்கள். அவர் சொன்னால் அது வாதம். நாம் சொன்னால் அது சாட்சி! அவர் சொன்னால் ஒரு குரல். நாம் சொன்னால் ஒரு வீதி!

ரசீதுப் புத்தகத்தை வாங்கி, ஐம்பத்து மூன்று உருப்படியையும் பட்டியலிட்டிருக்கிறேன். எண் நான்கு, செயலாளரின் வெள்ளைச் சட்டை. எண் பன்னிரண்டு, என் சாம்பல்நிறக் கால்சட்டை. எண் பத்தொன்பது, பொருளாளரின் படுக்கை விரிப்பு, எழுந்துவிட்டார், நன்றி. அந்த உடுப்புகளை அணிந்துகொண்டு வாருங்கள்! விரிப்பை மடித்து எடுத்து வாருங்கள்! பூஞ்சை படாத ஒவ்வொரு நூலும் பேசட்டும்!

அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். முப்பத்தொரு ஆண்டில் நான் யோசித்தது இந்த ஒன்றைத்தான். ஆகவே சொல்லிவிடுகிறேன். எண் இருபத்தேழு, கறுப்புக் கோட்டு, ஒன்று. உரியவர், நம் தலைவர் அவர்கள்.

இப்போது அணிந்திருக்கிறார். நன்றாக இருக்கிறது.

தலைவர் ஏதோ சொல்கிறார், ஒரு நிமிடம்... "எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார்.

பத்து மணிக்கு ஐயா. சற்று முன்னதாகவே வந்தால் நல்லது, படி அதிகம்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என் மெல்லிய குரலைத் தாங்கிய ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி கூறி, வியாழக்கிழமை வரை வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.