வெளுத்த நூல்

உக்காருங்கம்மா, பத்தே நிமிஷம். பேண்டு இடுப்பைத்தானே பிடிச்சுச் சின்னதாக்கணும்? பிரிச்சுக்கிட்டேதான் இருக்கேன். அதுவா? அது ஒண்ணுமில்லைம்மா, துணி வெட்ட அளவு வரையிற தாள். பின்னாடி நான்தான் பென்சில்ல கிறுக்கியிருக்கேன். படிக்காதீங்க, வெக்கமா இருக்கு.

கடைக்காக எழுதுறதும்மா. என் மக இழுத்துவிட்ட வம்பு. போன்ல கடைக்குன்னு ஒரு பக்கம் போட்டா. வாரத்துக்கு ஒண்ணு எழுதுப்பா, ஒரு வாரம் விட்டாலும் ஜனங்க மறந்துடுவாங்கன்னா. நம்ம நோட்டுல நம்பர் இருக்கிற அத்தனை பேருக்கும் அவளே அனுப்பிடுவா. நான் படிச்சது எட்டாவது. ஜிப்பு மாத்தச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு மாத்துவேன். நாலு வரி எழுதச் சொன்னா வேர்த்துடும்.

நேரம் எங்கம்மா? காலையில அரை மணி முன்னாடியே வந்து உக்காருவேன். வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்னு எழுதுவேன். அடுத்த வரி வராது. எந்திரிச்சு மெஷினுக்கு எண்ணெய் விடுவேன். மறுபடி வணக்கம். ஒருநாள் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உக்காந்தேன். பக்கத்துச் சலூன்காரரு குனிஞ்சு எட்டிப் பாத்து, என்னய்யா, உன் கடையில நீயே திருடுறியாங்கிறாரு. எனக்குக் கை ஓடுனாத்தான் யோசனை ஓடும். பேனாவைப் பிடிச்சா ரெண்டும் நின்னுடும்.

அப்பதான் மக சொன்னா, எதையோ ஏன் தேடுறே, கடையில நடக்கிறதை எழுதுன்னு. அப்புறம் வந்துச்சும்மா. கல்யாணக் கோட்டைப் போட்டு அளவு பாத்துட்டு, கல்யாணமே வேணாம்னு போன பையன். வளர்ற புள்ளைன்னு சட்டையில அஞ்சு இஞ்சு மடிப்பு விடச் சொன்ன அப்பா. அப்படி ஒரு ஆறேழு வாரம் ஓடுச்சு.

மூணு வாரம் முன்னாடி ஒண்ணுமே கிடைக்கலை. மக போன் மேல போன். கையில ஒரு பேண்டு இருந்துச்சு. ஆமாம்மா. நீங்க அப்ப கொண்டாந்தது.

பேரு போடலைம்மா, சத்தியமா. ஒரு அம்மா மாசாமாசம் வீட்டுக்காரர் பேண்டைக் கொண்டாந்து இடுப்பு பிடிக்கச் சொல்றாங்க, அவருக்குத் தெரியக்கூடாதாம், புது நூல் பளிச்சுனு காட்டிக் குடுத்துடுமாம், வெளுத்த நூலாப் போடணுமாம்னு எழுதினேன். அதுக்குன்னே ஒரு நூல்கண்டை ஜன்னல்ல வெயில் படுற மாதிரி வெச்சிருக்கேனே, அதையும் எழுதினேன். நீங்க ஏதோ சாப்பாட்டைக் குறைச்சு அவரை ரகசியமா இளைக்க வைக்கிறீங்கன்னு நெனப்பு எனக்கு. தொப்பை போனது தொப்பைக்காரருக்கே தெரியலைன்னு முடிச்சேன். எரநூறு பேரு சிரிச்சாங்க. எத்தனை பேருன்னு நானும் திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தேன்.

ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கலாம். முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்திமூணுன்னு நானேதான் பிடிச்சேன், உடம்புக்கு முடியாதவருன்னு தோணலையே. துணியைத் தொட்டாலே ஆளைச் சொல்லிடுவேன்னு பீத்திக்கிற வாய்தான் இது.

இந்த வாரம் எழுதலை. நேரமில்லைன்னு மககிட்ட சொன்னேன். பொய். நேரம் நெறைய இருக்கு. அந்தத் தாள்ல உங்களுக்குத்தான் ஏதோ எழுதப் பாத்தேன். நாலு நாளா முதல் வரியைத் தாண்டலை.

ஏம்மா எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, முடிஞ்சுடுச்சு. வெளுத்த நூல்தான் போட்டிருக்கேன். நீங்க முப்பதுன்னீங்க, நான் இருபத்தொன்பதா பிடிச்சிருக்கேன். அதான் சரியா இருக்கும். மூணு வருஷம் முன்னாடி உங்க வீட்டுக்காரரு இங்க கோட்டு தைச்சிருக்காரும்மா. நம்பர் நோட்டுல இருந்திருக்கு, எனக்கு நெனப்பில்லை, நான் எழுதினது அவருக்கும் போயிடுச்சு. வியாழக்கிழமை வந்தாரு. சிரிச்ச முகமாத்தான் நின்னாரு. கையைத் தூக்குங்க, அளந்துடுறேன்னேன். ஒரு கை மெஷினைப் பிடிச்சுக்கிச்சு, இன்னொண்ணைத்தான் தூக்கினாரு. போகும்போது சொன்னாரு, அவ எப்பக் கொண்டாந்தாலும் அதே நூலைப் போடுங்க, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்னு.

பாருங்க, இதையும் சொல்லிட்டேன்.