ஏன் என்பது தகவல் ஆகாது

நீதிமன்றக் கட்டண வில்லையை எச்சில் தொட்டு ஒட்டக்கூடாது, ஐயா. தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டால் காகிதமே நமத்துப்போகும். வில்லை பிய்ந்து விழுந்தால் கட்டணம் செலுத்தவில்லை என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள். நான் மைதாப் பசை காய்ச்சித்தான் ஒட்டுவேன். என் மேஜையிலிருந்து போன மனு ஒன்றுகூட வில்லை விழுந்து திரும்பியது கிடையாது.

வேறு காரணங்களுக்காகத் திரும்பியிருக்கின்றன. அதைச் சொல்லத்தான் வக்கீலான உங்களைத் தேடி வந்திருக்கிறேன். சர்க்கரையில் கால் வீங்கிக் கிடக்கிறது, உட்கார்ந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் காமராஜ். முப்பத்தொரு வருஷம் போலீஸ் உத்தியோகம், அதில் பத்தொன்பது வருஷம் ஸ்டேஷன் ரைட்டர். இன்ஸ்பெக்டர் இன்று வருவார், நாளை மாறிப்போவார். ஸ்டேஷனில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதி வைக்கிறவன் ரைட்டர்தான். 2019 தொடக்கத்தில் ஓய்வு பெற்றேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு மேஜையும் குடையும் போட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். காவல் நிலையத்தில் என்ன பதிவேடு, சிறையில் என்ன பதிவேடு, எதை யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நிறையப் பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். விசாரித்துப் பாருங்கள், என்னைப் பற்றி ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உலகம்மை அந்த வருஷம் ஆனி மாதம் வந்தாள். குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் வேலை, கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. புருஷன் வேல்சாமி, புளியங்குடியில் எலுமிச்சை லோடு வண்டி ஓட்டியவன். முந்தைய வருஷம் பைக் திருட்டில் சந்தேகப்பட்டுப் பிடித்து, கிளைச்சிறைக்கு அனுப்பிய மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். நெஞ்சுவலி என்று கோப்பு முடிந்தது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு தாள், கைதுக் குறிப்பின் நகல். அதன் அடியில் கைதியின் கைநாட்டு.

"அவிய எட்டாங்கிளாஸ் படிச்சவிய அண்ணாச்சி. லைசென்ஸ்ல பாருங்க, எவ்வளவு நீட்டமா கையெழுத்துப் போட்டிருக்காவன்னு. இதுல மட்டும் ஏன் கைநாட்டு வச்சாவ? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

நியாயமான கேள்விதான். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். என் கணவர் கைதுக் குறிப்பில் ஏன் கைநாட்டு வைத்தார் என்ற விவரம் தரவும். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

இந்தச் சட்டத்தில் இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேட்கலாம், காரணம் கேட்க முடியாது. 'ஏன்' என்ற சொல்லைப் பார்த்தாலே அலுவலகத்தில் இருக்கிறவனுக்குச் சந்தோஷம். விளக்கம் கோரும் வினா தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்படித்தான் பதில் வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டதைத்தானே ஐயா நான் எழுதினேன்?

அடுத்த மனுவில் 'ஏன்' இல்லை. ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதை எழுதும் பொது நாட்குறிப்பின் நகல் கேட்டோம். எந்தத் தேதிக்கு என்பதில் கொஞ்சம் பேச்சு வந்தது.

"செவ்வாக்கிழமையே கூட்டிட்டுப் போயிட்டாவ அண்ணாச்சி. சந்தையில அத்தனை பேரும் பாத்தாவ."

"பதிவுல வியாழன்னுதானம்மா இருக்கு. பதிவுல உள்ளதத்தான் கேக்கணும்."

என்னை நம்பினாள். வியாழக்கிழமைப் பக்கங்கள் வந்தன. அடித்தல் திருத்தல் இல்லாத பக்கங்கள், நல்ல கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது, ஐயா. அந்த ஸ்டேஷனில் ரைட்டர் நான்தான். அவளுக்கு அது தெரியாது. புருஷனைத் தேடி வந்தபோது அவளை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று ஒருநாள் கேட்டாள். ஆலங்குளத்தில் என்றேன். அதுவும் பொய் இல்லை, நாலு வருஷம் அங்கேதான் இருந்தேன்.

பிறகு மாவட்டம் பிரிந்தது. திருநெல்வேலிக்கு எழுதினால் தென்காசியைக் கேள் என்றார்கள், தென்காசிக்கு எழுதினால் பழைய கோப்பு திருநெல்வேலியில் என்றார்கள். அதிலேயே ஒன்றரை வருஷம் ஓடிற்று. இடையில் கொரோனா. அப்புறம் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு. நானாக எதையும் தடுக்கவில்லை. ஒவ்வொரு மனுவிலும் ஒரு சின்ன இடத்தை மட்டும் கோணலாக விட்டேன். மீதியை அலுவலகங்கள் பார்த்துக்கொண்டன.

நான் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். லாக்கப்பில் பாரா நிற்கிறவன் ஒரு புத்தகம் வைத்திருப்பான், யார் எப்போது சாவி வாங்கி உள்ளே போனார்கள் என்று எழுதுவதற்கு. புதன்கிழமைப் பக்கத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. அந்தப் புத்தகத்துக்கு ஆயுள் கொஞ்சம், கெடு முடிந்ததும் முறைப்படி அழித்துவிடுவார்கள். அழித்துவிட்டார்கள் என்று ஒரு பழைய சிநேகிதன் மூலம் தெரிந்தபிறகு, உலகம்மையைக் கூப்பிட்டு, புதன்கிழமைக்கான பாராப் புத்தகத்தின் நகல் வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். நான் எழுதியதிலேயே சுத்தமான மனு அதுதான். காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டது என்று பதில் வந்தது. அன்று அவள் என் மேஜை முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் சிப்ஸ் கொண்டுவருவாள். சீசனில் மங்குஸ்தான். வேண்டாமென்றால் மனசு நோகும், வாங்கிக்கொள்வேன். என் மகனும் மருமகளும் சென்னையோடு சரி. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

கெட்டது ஹாஜரா பீவியால். சிப்ஸ் கடைக்குப் பக்கத்தில் துண்டு, சோப்பு விற்கிற அம்மாள். மேலகரத்தில் அவளுக்கு ஒரு மனைத் தகராறு இருந்தது. அதற்காகச் சர்வே அலுவலகத்துக்குத் தானே வெள்ளைத்தாளில் எழுதிப்போட்டு நகல் வாங்கிவிட்டாள். "இதுக்கு ஃபாரமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு அந்தக் குடைக்கிட்ட ஏன் போய்க் கிடக்க? நாமளே எழுதுவோம்ளா" என்றாளாம்.

அவள் சொன்னது சரிதான், ஐயா. வெள்ளைத்தாளும் வில்லையும் போதும், யாரும் எழுதலாம். ஆறு வருஷத்தில் நான் உலகம்மைக்குச் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். சிறையைக் கேட்கலாம் என்பதையும் சொல்லவில்லை. கைதி உள்ளே வரும்போது உடம்பில் என்ன காயம், என்ன சொல்கிறான் என்று அங்கே ஒரு நுழைவுப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதற்கு ஆயுள் அதிகம். நான் ஸ்டேஷன்காரன், சிறைப் பதிவேட்டில் கை வைக்க எனக்கு வழி இல்லை. நோட்டில் கிழித்த தாளில் இரண்டு பெண்களும் எழுதினார்கள். 'ஐயா அவர்கள் அந்த பக்கத்தை அனுப்பவும்' என்று எழுதியிருந்தார்களாம். ஒற்றுகூட ஒழுங்காக இல்லை. இருபத்தேழாம் நாள் பதில் வந்துவிட்டது.

போன திங்கட்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். உலகம்மை தாளை நீட்டினாள். டாக்டர் இங்கிலீஷில் எழுதிய பக்கம்.

"என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?"

"உடம்புல காயம் ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கும்மா."

"பேரு எதும் போட்டிருக்கா?"

"இல்ல."

ஹாஜரா பீவி வேறு பக்கம் பார்த்தபடி, "எம்மவ நர்சா இருக்கா. நேத்தே வாசிச்சுச் சொல்லிட்டா" என்றாள்.

உலகம்மை தாளை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "உங்க பேரு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். மனு எழுதுகிறவன் பெயரை யார் கேட்கிறார்கள்? நான் பசைக் கிண்ணத்தை மூடி வைத்தேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரனிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

உலகம்மை கொண்டுவந்து கொடுத்த அந்தப் பக்கம் உங்கள் மேஜையில் இருக்கிறது. இரண்டு உள்ளங்காலிலும் கன்றிய காயம், வலது கையில் மூன்று விரல் முறிவு. தேதி தப்பு என்று சொன்னதற்காக ரைட்டர் காமராஜ் அடித்தார் என்று கைதி சொல்கிறான். நீதிபதி முன்னால் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன், திறக்கவில்லை. சிறையில் திறந்திருக்கிறான்.

அவன் சொன்னது உண்மை. புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. இன்ஸ்பெக்டர் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். பிடித்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் கொண்டுபோக வேண்டும் என்பதால், வியாழன் தேதி போட்டு எல்லாத் தாளையும் தயாராக வைத்திருந்தேன். பையன் முழுவதையும் படித்தான். பத்தொன்பது வருஷத்தில் என் தாளை முழுசாகப் படித்த முதல் ஆள். "இன்னைக்குப் புதன்லா சார்? என்னைய நேத்துல்லா கூட்டிட்டு வந்திய. தேதியத் திருத்துங்க, போடுதேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் ஒரு தேதியைத் திருத்தினால் நாலு பதிவேட்டைத் திருத்த வேண்டும். எனக்குக் காலையிலிருந்தே உடம்பு முடியவில்லை, அலுப்பாக இருந்தது. லத்தியை எடுத்தேன். பேனாவை வைத்துவிட்ட விரல்களில் முதலில் அடித்தேன், அப்புறம் காலில். முடிந்தபோது அவனால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது பெருவிரலில் மை தடவி நானே பிடித்து வைத்தேன். அவள் கேட்ட 'ஏன்' என்பதற்குப் பதில் இவ்வளவுதான். இது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது, அதனால் சட்டப்படி தகவலும் ஆகாது.

என் மேல் அவள் புகார் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கொடுக்கட்டும். ஆனால் அந்த ஹாஜரா பீவியை வைத்து நோட்டுத்தாளில் எழுதிக் கெடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள், ஐயா. தேதி, பிரிவு எல்லாம் பார்த்து, ஒரு பிழை இல்லாமல் நானே எழுதித் தருகிறேன்.