வெட்டாமல் விட்ட பிணம்

மூதூர் போகும் லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி. ஒப்பரேஷன் முடிந்து மனைவியின் கண்களில் கட்டுப் போட்டிருந்தது.

“இஞ்சாருங்கோ, நேற்று அந்தப் பிணத்தை ஏன் வெட்டாமல் விட்டனீங்கள்?” என்று மனைவி கேட்டதும் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கணவர் பதறிப்போய்க் கையிலிருந்த துப்பறியும் நாவலை உயர்த்திக் காட்டினார். “கதையிலை! கட்டு அவிழ்க்கும்வரை நான்தான் வாசிச்சுக் காட்டுறனான்.”

“முந்தின நாலு கதையிலையும் துப்பறியிற டாக்குத்தருக்கு முதலே கொலைகாரனை நான் பிடிச்சிட்டன். இந்தமுறை தோத்துப்போனன். வயித்துக்குள்ளை நஞ்சு கிடந்தது கடைசியிலைதானே தெரியுது! பிணத்தை வெட்டிச் சோதிக்கிற பக்கங்களை ஏன் விட்டனீங்கள்?”

“உமக்குச் சோறு இறங்காதெண்டு…”

“முந்தின நாலையும் வெட்டுற பக்கங்களோடை நானே வாசிச்சனான். ஆருக்கு இறங்காது?”

“எனக்குத்தான்.”

மனைவி தடவி அவர் கையைப் பிடித்தார்.

“சரி, அடுத்த கதையிலை அந்தப் பக்கம் வந்தால் நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கோ.”