ஜெஸிக்குப் படித்துக் காட்டிய கடிதம்

இங்கிலீஷ் ஒன்றும் கஷ்டமான பாஷை இல்லை, மேடம். பயம்தான் பாதி. ஆம்பூரில் பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெயர் மோசஸ், உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொண்டுவிட்டார்.

என் மனைவி ஜெஸி ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்தாள். கெட்டிக்காரி. மாதனூரில் எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே கம்பெனி பஸ் நிற்கும். சாயங்காலம் யாருடனாவது சிரித்துக்கொண்டே இறங்குவாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 2002-இல் மூன்று மாதப் பயிற்சிக்கு அவளை இத்தாலி அனுப்புவதாகச் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பாஸ்போர்ட் ஃபாரத்தை ஒரு அடித்தல் இல்லாமல் நான்தான் நிரப்பினேன்.

அப்போதுதான் முதுகுவலி வந்தது. படுத்தால் ஜாஸ்தி, ஆஸ்பிரின் போட்டால் கம்மி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூட விலாசம் கொடுத்தேன். வீட்டுக்குத் தபால் ஒழுங்காக வராது.

கடிதம் நல்ல இங்கிலீஷில் இருந்தது. முதுகெலும்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அபூர்வமானது, ஆனால் புற்றுநோய் இல்லை. முதுகைத் திறக்கவே வேண்டாம். ஸ்கேனில் பார்த்தபடியே ஓர் ஊசியை உள்ளே விட்டு, நுனியைச் சூடாக்கிக் கட்டியைச் சுட்டுவிடுவார்கள். மறுநாளே வீட்டுக்கு வரலாம். ஒரு மாதத்தில் விமானம்கூட ஏறலாம்.

ஜெஸிக்கு இங்கிலீஷ் வராது. பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டினேன். கட்டியைத் தொடக்கூடாது, தொட்டால் இரண்டு காலும் போய்விடும், குனிந்தாலும் நடந்தாலும் ஆபத்து, படுத்தே இருக்க வேண்டும் என்று. முதல் வரியைப் படிக்கும்போது இப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது வரியிலிருந்து சரளமாக வந்துவிட்டது.

அவள் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இத்தாலிக்கு வேற யாராவது போய்டுவாங்க இல்ல?" என்றாள்.

நான்கு வருஷம். நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், மாதனூரில் விசாரியுங்கள். தலை வாரிவிட்டேன், சோறு ஊட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வீல்சேரில் வைத்துச் சர்ச்சுக்குத் தள்ளிப்போனேன். புதிதாகக் கல்யாணமானவர்களிடம் போதகர் என்னைத்தான் காட்டிப் பேசுவார். ஆஸ்பிரினை மட்டும் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். முழுசாகக் கொடுத்தால் வலி விட்டுவிடும். எழுந்து உட்கார்ந்து, கம்பெனி பஸ் போயிடுச்சா என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள். அது அவளுக்கு நல்லதில்லை.

போன மாதம் அவள் அண்ணன் மகள் அக்சா, நர்சிங் படித்தவள், லீவுக்கு வந்தாள். எதையோ தேடி என் பீரோவைத் திறந்தவளுக்கு அந்தக் கடிதம் அகப்பட்டிருக்கிறது. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை யாராவது கிழிப்பார்களா? ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு அவர்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் அடியிலேயே பத்திரமாக இருந்தன. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் அக்சா அவளைக் காரில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஜெஸி வந்தாள். கால் நடுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நடந்து. முதுகில் ஒரு சின்ன பிளாஸ்திரி. கடிதத்தை என் முன்னால் வைத்து, "இன்னொரு வாட்டி படிங்க" என்றாள்.

படித்தேன். ஒரு வரி விடாமல், தமிழில், சரியாக.

"இப்ப மட்டும் எப்படிங்க சரியா வருது?" என்றாள். சத்தம் போடவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து உங்களிடம் வந்திருக்கிறாள்.

கையெழுத்துப் போடுகிறேன், மேடம். ஒரே ஒரு திருத்தம். 'மனைவிக்கு வலியை உண்டாக்கினார்' என்று ரைட்டர் எழுதியிருக்கிறார். அது தப்பு. வலி முன்னாலேயே இருந்தது. நான் அதைப் போகவிடவில்லை, அவ்வளவுதான்.