எட்டாவது மணி நேரத்து ரத்தம்

எனக்குக் கடல் பிடிக்காது. செருப்புக்குள் மணல் புகுந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எரிச்சல்தான். ஆனாலும் பதினோரு வருடங்களாக எனக்குச் சோறு போடுவது கடல்பஞ்சு. பாறையில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும் அந்த உயிரிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. கண்ணாடித் தட்டில் அது புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. உடம்புக்குள் போனால் என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை.

ஒன்றும் ஆகவில்லை, ஐயா. எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடல் உறிஞ்சும். கல்லீரல் உடனே உடைத்துத் தள்ளிவிடும். நூறு பங்கில் மூன்றுகூட ரத்தத்துக்கு வராது. கல்லீரலின் கையைக் கட்டிப்போட இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்று, நாற்பதானது. மனிதருக்குக் கொடுக்க அனுமதி கேட்டோம். இன்னும் இரண்டு வருடம் எலியிலேயே பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

புற்றுநோயில் கிடந்த என் தங்கைக்கு மருத்துவர் சொன்ன கெடு இரண்டு மாதம். கையாலாகாதவனாக உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? மருந்து என் அலமாரியில் இருந்தது. நான் அவள் எதிரே ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பியதும், காலை ஏழு மணிக்கு மருந்து இரண்டையும் கொடுத்தேன்.

"சத்து மாத்திரையாண்ணா?"

"ஆமாம்மா."

அரை மணி, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. ரத்தம் எடுக்க இந்த நேரங்கள்தான். எட்டாவதை விட்டால் மருந்து உடம்பை விட்டு எப்படி வெளியேறுகிறது என்பதே தெரியாது. இரண்டாவது ஊசியின்போது, "எலியக் குத்துற மாதிரியே குத்துறியே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பதினோரு மணிக்கு வாந்தி. விரல்கள் மரத்துப்போயின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் எலிகள் எல்லாம் இளசு, நோயில்லாதவை. இவள் கல்லீரலில் நோய் எப்போதோ பரவிவிட்டது. அதன் கையைக் கட்டவே தேவையில்லை; கட்டியதில் மருந்து மொத்தமும் ரத்தத்தில் இறங்கிவிட்டது. இதைத் தெரிந்த ஆள் நான்தான், ஐயா.

ஒரு மணிக்கு, "நெஞ்சு என்னமோ பண்ணுது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ணா" என்றாள்.

"மூணு மணி ஆகட்டும்மா."

"மூணு மணிக்கு என்ன?"

அதற்குள் மாப்பிள்ளை போன் செய்தார். "எப்படி இருக்கா மச்சான்?" நல்லா தூங்குறா என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் சலைன் ஏற்றுவார்கள். ரத்தம் நீர்த்துப்போகும், அளவு பொய்யாகிவிடும். அவ்வளவு நேரம் அவள் பட்ட பாடு வீணாகிவிடக்கூடாதே என்றுதான் பார்த்தேன். எல்லாம் அவளுக்காகத்தான்.

மூன்று மணிக்கு ஊசி இறங்கியபோது அவள் கையை இழுக்கவில்லை. மூன்று பத்துக்கு மூச்சு நின்றது. ஆம்புலன்ஸை ஏன் மூன்று பதினைந்துக்கு அழைத்தாய் என்று கேட்கிறீர்கள். எடுத்த ரத்தத்தை உடனே, நான் கூடவே கொண்டுவந்திருந்த சின்ன இயந்திரத்தில் சுழற்றிப் பிரிக்க வேண்டும். அதற்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். விட்டால் கெட்டுப்போய்விடும், ஐயா.